பைதான் டிக்ஷனரியை ஸ்ட்ரிங்காக்கி மேற்கோள் குறியை மாற்றினால் ஜேசன் ஆகிவிடாதா?

கேள்வியில் நீங்கள் எழுதியிருப்பது இது: ஆர்டர் விவரங்கள் ஒரு டிக்ஷனரியில் (கீ, அதற்கொரு மதிப்பு என்று தரவை வைக்கும் பைதான் வகை) இருக்கின்றன. அதை அப்படியே ஸ்ட்ரிங்காக்கி, ஒற்றை மேற்கோளையெல்லாம் இரட்டை மேற்கோளாக்கி, அதை ஜேசன் (புரோகிராம்கள் தரவைப் பரிமாறிக்கொள்ளும் எழுத்து வடிவம்) என்று எடுத்துக்கொண்டு பக்கத்தின் ஸ்கிரிப்ட் டேகுக்குள் வைக்கிறீர்கள். சில ஆர்டர்களுக்குச் சரியாக வருகிறது, சிலவற்றுக்குப் பக்கம் வெள்ளையாக நிற்கிறது.

ஆகாது. பெரும்பாலான தரவுக்கு வேலை செய்வதுதான் இதில் உள்ள ஆபத்து. உங்கள் டிக்ஷனரியை ஸ்ட்ரிங்காக்கும்போது பைதான் கொடுப்பது புரோகிராமர் பார்த்துப் புரிந்துகொள்வதற்கான எழுத்து வடிவம். மதிப்பு இல்லாத இடத்தில் அதில் 'நன்' (None) என்று இருக்கும், ஜேசனுக்கு வேண்டியது 'நல்' (null). 'ட்ரூ' அங்கே பெரிய எழுத்தில் தொடங்கும், ஜேசனில் சிறிய எழுத்து. பொருளின் பெயர் 12" தட்டு என்று இருந்தால், நீங்கள் மாற்றியபின் நடுவில் ஒரு மேற்கோள் வந்து ஸ்ட்ரிங்கை அங்கேயே முடித்துவிடும். ராணி'ஸ் ஊறுகாய் என்று இருந்தாலும் அதே கதிதான். ஓடாத ஆர்டர்களை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று இருக்கும்.

பைதான் தரவை ஜேசன் ஸ்ட்ரிங்காக மாற்றித் தர, ஜேசன் மாட்யூலில் உள்ள டம்ப்ஸ் ஃபங்ஷனைப் பயன்படுத்துங்கள். 2008-இல் வந்த பைதான் 2.6-இலிருந்தே அது மொழியோடு சேர்ந்து வருகிறது, எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை. ஆனால் "டம்ப்ஸ் போடு, முடிந்தது" என்று ஒரே வரியில் பதில் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஜேசனில் ஸ்ட்ரிங், எண், ட்ரூ அல்லது ஃபால்ஸ், நல், அரே, ஆப்ஜெக்ட் என்று ஆறே வகைகள்தான். பைதானில் உள்ள மற்றதெல்லாம் இந்த ஆறில் எதுவாக மாறவேண்டும் என்று முடிவு செய்ய வேண்டியவர் நீங்கள்.

கத்திச் சொல்லும் பிழைகள் பயப்பட வேண்டியவை அல்ல. செட் (ஒரே மதிப்பு இருமுறை வராத தொகுப்பு), தேதி, டெசிமல் (துல்லியமான தசம எண்) ஆகியவற்றைக் கொடுத்தால் டம்ப்ஸ் டைப் எரர் போட்டு நின்றுவிடும். டீஃபால்ட் என்ற ஆர்குமெண்டில் ஒரு ஃபங்ஷன் கொடுத்தால், தெரியாத வகை வரும்போதெல்லாம் அதைக் கூப்பிட்டுக் கேட்கும். தேதி வந்தால் ஐசோ வடிவ ஸ்ட்ரிங் (ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசை). டெசிமல் வந்தால் ஸ்ட்ரிங், அல்லது பணமானால் பைசாவில் முழு எண். செட் வந்தால் வரிசைப்படுத்திய லிஸ்ட். வரிசைப்படுத்தாவிட்டால் ஸ்ட்ரிங்குகள் உள்ள செட் ஒவ்வொரு முறை புரோகிராம் தொடங்கும்போதும் வேறு வரிசையில் வரலாம். கடைசி வரியில் டைப் எரரை நீங்களே எழுப்ப வேண்டும். அதற்குப் பதிலாக எது வந்தாலும் ஸ்ட்ரிங்காக்கித் திருப்பி அனுப்பு என்று பலர் சொல்லித் தருகிறார்கள். அப்படிச் செய்தால் செட் ஒன்று சுருள் அடைப்புக்குறியோடு ஒரே ஸ்ட்ரிங்காகப் பக்கத்துக்குப் போகும், எந்த எச்சரிக்கையும் வராது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

சத்தமில்லாமல் மாறுபவைதான் நாளை நேரத்தைத் தின்னும். டிக்ஷனரியின் கீ 42 என்ற எண்ணாக இருந்தால் ஜேசனில் அது "42" என்ற ஸ்ட்ரிங் ஆகிவிடும். திரும்பப் பைதானில் படித்து 42 என்று தேடினால் கீ எரர். இதைவிட மோசமானது வரிசை. விலைப்படி அடுக்கி 42, 7, 19 என்று கீ வைத்து அனுப்பினீர்கள் என்றால், ஜாவாஸ்கிரிப்ட் ஆப்ஜெக்டில் முழு எண் போன்ற கீகள் எப்போதும் ஏறுவரிசையில்தான் வரும். பக்கத்தில் 7, 19, 42 என்று நிற்கும், சர்வரில் எவ்வளவு தேடினாலும் தவறு கிடைக்காது. வரிசை முக்கியம் என்றால் லிஸ்டாக அனுப்புங்கள், ஐடியை ஒவ்வொரு உருப்படிக்குள்ளும் ஒரு ஃபீல்டாக வையுங்கள்.

அட்டவணைத் தரவுக்கான பாண்டாஸ் லைப்ரரியில் படித்த எக்செல் தாளின் காலிக் கட்டங்கள் 'நான்' (NaN) ஆகிவிடும். எண் அல்லாதது என்று பொருள்படும் அந்த மதிப்பை டம்ப்ஸ் அப்படியே எழுதிவிடும். அது ஜேசனே அல்ல, ஜேசனைப் படிக்கும் பிரவுசரின் பார்ஸ் ஃபங்ஷன் அந்த இடத்தில் சின்டாக்ஸ் எரர் போடும். 'அலவ் நான்' ஆர்குமெண்டுக்கு ஃபால்ஸ் கொடுத்துவிட்டால் சர்வரிலேயே வேல்யூ எரர் வந்து நிற்கும். அங்கே நிற்பதுதான் நல்லது.

பெரிய எண்கள்: ஜாவாஸ்கிரிப்ட் எண்ணில் 9007199254740991 வரைதான் முழு எண்ணை நம்பலாம். 9007199254740993 என்று அனுப்பினால் அங்கே 9007199254740992 ஆகிவிடும். ட்விட்டர் 2010-இல் பெரிய ஐடிகளுக்கு மாறியபோது, அதே ஐடியை ஸ்ட்ரிங்காக இன்னொரு ஃபீல்டிலும் சேர்த்துத் தந்தது இதனால்தான். உங்கள் டேட்டாபேஸில் 64 பிட் ஐடி இருந்தால் ஸ்ட்ரிங்காக அனுப்புங்கள். அதைக் கூட்டிக் கழிக்கப்போவதில்லையே.

தேதியில் இந்தியாவிலிருந்து எழுதுபவர்கள் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. 2024-03-01 என்று தேதி மட்டும் அனுப்பினால் ஜாவாஸ்கிரிப்ட் அதை யூடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும். சென்னையில் அது மார்ச் 1 காலை 5:30, தேதி சரியாகவே தெரியும். நியூயார்க்கில் திறப்பவருக்கு பிப்ரவரி 29 என்று காட்டும். நேரமும் சேர்ந்து, டைம்ஸோன் இல்லாமல் வந்தால் பார்ப்பவரின் ஊர் நேரமாக எடுத்துக்கொள்ளும். டைம்ஸோன் இல்லாத தேதியை அனுப்பவே அனுப்பாதீர்கள், நேரமும் அதன் கடைசியில் +05:30-உம் இருக்கட்டும்.

கிளாஸ் ஆப்ஜெக்டை அதன் உள் டிக்ஷனரியோடு அப்படியே கொட்டும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். பயனர் ஆப்ஜெக்டில் பாஸ்வேர்ட் ஹேஷும் சேர்ந்து பக்கத்துக்குப் போகும். வேண்டிய ஃபீல்டுகளைப் பெயர் சொல்லி எடுத்து எழுதுங்கள். "பைடான்டிக் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு" என்று, தரவின் வகைகளைச் சரிபார்த்து மாற்றித் தரும் அந்த லைப்ரரியைச் சொல்லிச் சிலர் கேட்பார்கள். நல்ல கருவிதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பணம் ஸ்ட்ரிங்கா எண்ணா, தேதி எந்த ஊர் நேரம் என்ற முடிவை அங்கேயும் நீங்கள்தான் எடுக்க வேண்டும்.

அடுத்து, பக்கத்துக்குள் வைப்பது. வாடிக்கையாளர் குறிப்பில் யாராவது ஸ்கிரிப்ட் டேகை மூடும் குறியை எழுதிவிட்டால், அது ஜேசன் ஸ்ட்ரிங்குக்குள் இருந்தாலும் பிரவுசர் அங்கேயே ஸ்கிரிப்டை முடித்துவிடும். அதன்பின் அவர் எழுதியது எல்லாம் உங்கள் பக்கத்தில் ஓடும். டம்ப்ஸ் `<` குறியைத் தொடாது. பைதானில் வலைத்தளம் கட்டும் ஜாங்கோவின் டெம்ப்ளேட் தானாகச் செய்யும் எஸ்கேப் (சிறப்புக் குறிகளை மாற்று வடிவில் எழுதுவது) இரட்டை மேற்கோளை எச்டிஎம்எல் குறியீடாக்கும், ஸ்கிரிப்டுக்குள் பிரவுசர் அதைத் திரும்ப மாற்றாது, ஆகவே ஜேசன் உடையும். உடனே எல்லோரும் அந்த எஸ்கேப்பை நிறுத்தும் 'சேஃப்' ஃபில்டர் போடுகிறார்கள். ஓடும், ஆனால் கதவைத் திறந்து வைத்ததுபோல. ஜாங்கோ 2.1-இலிருந்து 'ஜேசன் ஸ்கிரிப்ட்' என்ற ஃபில்டர் இருக்கிறது, ஜாங்கோ போன்ற இன்னொரு கருவியான ஃபிளாஸ்க்கில் 'டு ஜேசன்' இருக்கிறது. இரண்டும் `<`, `>`, `&` ஆகியவற்றை யூனிகோட் எஸ்கேப்பாக மாற்றித் தரும். கையால் செய்வதானாலும் டம்ப்ஸ் தந்த ஸ்ட்ரிங்கில் இந்த மூன்றை மாற்றினால் போதும். `<` என்பதற்குப் பின்சாய்வு, யு, 003சி (`\u003C`). இந்த மூன்று குறிகளும் ஜேசனில் ஸ்ட்ரிங்குக்குள் மட்டுமே வரமுடியும் என்பதால் இப்படி மாற்றுவதில் பொருள் கெடாது. நீங்கள் செய்த மேற்கோள் மாற்றத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

ஏற்கெனவே ஸ்ட்ரிங் ஆனதை மறுபடி டம்ப்ஸில் போட்டுவிடாதீர்கள். பின்சாய்வுகள் நிறைந்த ஒற்றை ஸ்ட்ரிங் வரும், பிரவுசரில் ஆர்டரின் ஃபீல்டுகள் எல்லாம் அன்டிஃபைன்ட் என்று சொல்லும்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் இதைச் சொல்லியாக வேண்டும். டம்ப்ஸ் தமிழைப் பின்சாய்வும் எண்களுமாகத் தருவதைப் பார்த்துவிட்டு, "தமிழ் கரப்ட் ஆகிவிடுகிறது, பெயரை இங்கிலீஷ் எழுத்திலேயே வைத்துக்கொள்" என்று புதிதாக வருபவர்களுக்கு அறிவுரை சொல்கிறார்கள். எதுவும் கெடவில்லை. 'என்ஷூர் ஆஸ்கி' என்ற ஆர்குமெண்ட் இயல்பாக ட்ரூவாக இருப்பதால் வரும் வடிவம் அது, பிரவுசர் படித்ததும் தமிழாகவே வரும். ஆனால் கனம் கூடும். 'தமிழ்' என்ற சொல்லில் ஐந்து யூனிகோட் குறிகள், யூடிஎஃப்-8-இல் 15 பைட், எஸ்கேப் வடிவில் 30 பைட். அந்த ஆர்குமெண்டுக்கு ஃபால்ஸ் கொடுங்கள். 2017-இல் வந்த ஆர்எஃப்சி 8259 என்ற ஜேசன் தர ஆவணம், சிஸ்டங்களுக்கு இடையே போகும் ஜேசன் யூடிஎஃப்-8-இல்தான் இருக்க வேண்டும் என்று சொல்லியே விட்டது. ஃபைலில் எழுதும்போது மட்டும் என்கோடிங் யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாகக் கொடுங்கள், இல்லாவிட்டால் விண்டோஸில் யூனிகோட் என்கோட் எரர் வரலாம். ஒரு ஆர்குமெண்டை மாற்றச் சோம்பல்பட்டு, ஒருவருடைய பெயரை அவர் மொழியில் எழுதக்கூடாது என்று சொல்வதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

மாற்றி முடித்ததும் ஒரு சோதனை ஆர்டர் தயாரியுங்கள். பொருள் பெயரில் இரண்டு வகை மேற்கோளும் ஒரு பின்சாய்வும், குறிப்பில் ஸ்கிரிப்டை மூடும் குறி, வாடிக்கையாளர் பெயர் தமிழில், 9007199254740993 என்ற ஐடி, விலை 0.10, ஒரு காலி மதிப்பு, காலியான ஒரு லிஸ்ட். அதைப் பக்கத்தில் திறந்து, கம்ப்யூட்டரின் டைம்ஸோனை நியூயார்க்குக்கு மாற்றி மறுபடி ஒருமுறை திறந்து பாருங்கள்.