விலாவைப் பார்த்து எண்ணுங்கள்

கேள்வி: எங்கள் குதிரை ராணிக்கு 9 வயது, கத்தியவார் கலப்பு. அந்தியூர் சந்தையில் வாங்கி 2 வருடம் ஆகிறது. 4 மாதமாக வறட்டு இருமல். சவாரி தொடங்கும்போதும் வைக்கோல் தின்னும்போதும் அதிகம். காய்ச்சல் இல்லை, தீனி குறையவில்லை. இருமல் சிரப், கசாயம், 5 நாள் ஆன்டிபயாடிக் ஊசி எல்லாம் பார்த்துவிட்டோம். தெரிந்தவர் ஒருவர் டெக்ஸாமெத்தசோன் ஊசி போட்டார்; 3 நாள் நன்றாக இருந்தாள், பிறகு பழையபடிதான். இப்போது பாய்ச்சலில் விட்டால் பாதியிலேயே நின்றுவிடுகிறாள். கொள்ளு சூடா? தினமும் குளிப்பாட்டுவதாலா? யூடியூபில் கிளாண்டர்ஸ் என்கிறார்கள். குதிரையைக் கொன்றுவிடுவார்களாமே? என் மகள்தான் அவளை ஓட்டுகிறாள், தீனி வைப்பதும் அவள்தான். (கொட்டகையில் எடுத்த படம் இணைத்துள்ளேன்.)
வாசகர், பொள்ளாச்சி

பதில்: கடைசி வரியைத்தான் நீங்கள் முதலில் எழுதியிருக்க வேண்டும். அதற்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: மகளைப் பற்றிப் பயப்படும்படி இந்தக் கடிதத்தில் எதுவும் இல்லை.

கிளாண்டர்ஸ் கட்டுக்கதை இல்லை. மனிதருக்கும் தொற்றும், அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், உறுதியானால் குதிரையைக் கருணைக்கொலை செய்வதும் உண்மை. ஆனால் அது வந்த குதிரை பொதுவாக இப்படி இருக்காது. காய்ச்சல், உடல் மெலிவு, மூக்கில் பசைபோல ஒட்டும் சீழ், மூக்கின் உள்ளே புண், காலின் உள்பக்கம் கயிற்றில் முடிச்சுப் போட்டது போல வரிசையாக உடையும் கட்டிகள் என்று வரும். உங்கள் ராணி வேளாவேளைக்குத் தின்றுவிட்டு இருமுகிறாள். இருந்தாலும் சந்தையில் வாங்கியவள் என்பதால், இதுவரை எடுக்கவில்லையென்றால் அரசு கால்நடை மருத்துவமனையில் ஒருமுறை ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். இந்த நோயை உறுதிசெய்ய ஹரியானாவின் ஹிசாரில் தேசிய குதிரைகள் ஆராய்ச்சி மையம் இருக்கிறது, யூடியூப் வேண்டாம். அதுவரை மூக்குச் சளியைத் தொட்டால் மகள் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும்.

கொள்ளு சூடும் இல்லை, குளியலும் இல்லை. விட்டுவிடுங்கள்.

அந்த டெக்ஸா ஊசிக்கு 3 நாள் அடங்கியது என்றீர்களே, அது அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு; பாதி நோயை அதுவே சொல்லிவிட்டது. மீதியை உங்கள் படம் சொன்னது. ராணிக்குத் தலைக்கு மேலே பரண், பரண் நிறைய வைக்கோல், ஓட்டு இடுக்கில் விழும் வெயில் கோட்டில் பறக்கும் தூசி. இது குதிரை ஆஸ்துமா. வைக்கோலிலும் காய்ந்த தட்டையிலும் இருக்கும் தூசியும் பூஞ்சை வித்தும், மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியாவும் மூச்சுக்குழாயைப் புண்ணாக்கி, சளி கட்ட வைத்து, இறுக்கிவிடுகின்றன. கிருமி வேலை இல்லை, அதனால்தான் அந்த 5 நாள் ஆன்டிபயாடிக் தண்டம். பாய்ச்சலில் ஏன் நிற்கிறாள் என்றால், பாய்ந்தோடும் குதிரை ஒரு தாவலுக்கு ஒரு மூச்சுதான் விடும். நம்மைப் போல நடுவில் இரண்டு மூச்சு சேர்த்து வாங்கிக்கொள்ள அதற்கு வழியில்லை, வாயால் மூச்சு விடவும் முடியாது. குழாய் குறுகினால் நிற்பதைத் தவிர வேறு என்ன செய்யும்?

இனி இருமலை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். நீங்கள் கவனிக்க வேண்டியது, அவள் சும்மா நிற்கும்போது எப்படி மூச்சு விடுகிறாள் என்பதை. வெயில் தாழ்ந்த பிறகு, தீனி வைக்கும் முன், ஓட்டி வந்த களைப்பு இல்லாத நேரத்தில் பக்கவாட்டில் நின்று விலா முடிந்து வயிறு தொடங்கும் இடத்தைப் பாருங்கள். கடிகாரத்தை வைத்துக்கொண்டு முழு 1 நிமிடம் மூச்சை எண்ணுங்கள், ஏறி இறங்கினால் ஒன்று. 8 முதல் 16 வரை சரி. நல்ல குதிரையில் உற்றுப் பார்த்தால்தான் அசைவே தெரியும். 20-ஐத் தாண்டினால் அடுத்த நாளே மருத்துவரைப் பார்க்க வேண்டும். மூக்குத் துவாரம் விரிந்து நிற்கிறது, மூச்சை விட்டு முடிக்கும்போது வயிறு இன்னொரு முறை எக்கித் தள்ளுகிறது என்றால், எண்ணிக்கை எதுவாக இருந்தாலும் அன்றைக்கே, ராத்திரியானாலும் கூப்பிடுங்கள். அப்படித் தள்ளித் தள்ளி நாள்பட்ட குதிரைகளுக்கு விலா ஓரமாகத் தோலுக்கடியில் கயிறு ஓடுவது போல ஒரு வரி விழுந்திருக்கும். ராணிக்கு இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள், படத்தில் அந்தப் பக்கம் தெரியவில்லை.

இதோடு காய்ச்சலும் பார்க்க வேண்டும். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்து 38.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கதையே வேறு. அப்போது தொற்று என்று கருதி மற்ற குதிரைகளிடமிருந்து பிரித்துக் கட்டிவிட்டுப் போன் செய்யுங்கள். டெக்ஸா போட்டவர் அன்று காய்ச்சல் பார்த்தாரா? பார்த்திருக்க மாட்டார். தொற்று இருக்கும்போது அந்த ஊசி போட்டால் நோயை ஊட்டி வளர்த்த மாதிரி. குளம்புக்குள் அழற்சி வந்து குதிரை நடக்கவே முடியாமல் போகும் ஆபத்தும் அதில் உண்டு. ஆஸ்துமாவுக்கு அது நல்ல மருந்துதான், ஆனால் அளவும் நாளும் மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது.

அப்புறம் அந்தக் கசாயம். தலையைத் தூக்கிப் பிடித்து மூங்கில் கொட்டத்தில் (மருந்து புகட்டும் குழாயில்) ஊற்றினீர்களா? அப்படியென்றால் இன்றோடு நிறுத்துங்கள். இருமும் குதிரையின் தொண்டையில் எதை ஊற்றினாலும் அது நுரையீரலுக்குள் போய்விடலாம். மிளகும் நல்லெண்ணெயும் ஊற்றப்பட்டு என்னிடம் வந்த ஒரு குதிரைக்கு மூக்கில் எண்ணெய் வழிந்தது. மூன்றாம் நாள் செத்துப்போனது. வரும்போது அதற்கு இருந்தது இதே ஆஸ்துமாதான்.

செய்ய வேண்டியது கொட்டகையில் இருக்கிறது. முடிந்தால் ராணியை அங்கிருந்து வெளியேற்றி, இரவும் பகலும் வேப்ப மரத்தடியில் கட்டுங்கள், மழைக்கு மேலே ஒரு கூரை போதும். கொறங்காடு (வேலியடைத்த மேய்ச்சல் நிலம்) இருந்தால் கொழுக்கட்டைப்புல்லில் மேய விடுங்கள், அதற்கு மேல் மருந்தே இல்லை. பச்சைத் தீவனம், குதிரை மசால், கோ-4 புல் என்று கிடைப்பதைக் கொடுங்கள். வைக்கோலோ தட்டையோ கொடுத்தே ஆக வேண்டுமென்றால் அரை மணி நேரம் தண்ணீரில் முக்கி, சொட்டச் சொட்ட எடுத்து, உயரத்தில் கட்டாமல் தரையோடு ஒரு தொட்டியில் வையுங்கள். குனிந்து தின்றால் சளி தானாக வடியும். நம் ஊர்ச் சூட்டில் நனைத்தது சீக்கிரம் புளிக்கும், மிச்சத்தை அன்றே கொட்டிவிடுங்கள். பரணைக் காலி செய்யுங்கள். கூட்டுவது அவள் வெளியே இருக்கும்போதுதான். உள்ளேதான் கட்ட வேண்டுமென்றால், காலையில் கொட்டகைக்குள் குந்தி உட்கார்ந்து மூச்சை இழுத்துப் பாருங்கள். உங்கள் கண் எரிந்தால் ராத்திரி முழுக்க அவள் அதைத்தான் சுவாசித்திருக்கிறாள்.

வாரக்கணக்கில் ஆகும். நடுவில் ஒருநாள் ஆள் மறந்து காய்ந்த வைக்கோலைப் போட்டால் மறுபடியும் இழுக்கும். இன்ஹேலரைக் குதிரைக்கான முகமூடி வைத்துக் கொடுக்க முடியும். ஆனால் தூசியை அப்படியே விட்டுவிட்டுக் குழாயை மட்டும் திறந்தால் தூசி இன்னும் ஆழமாகப் போகும்.

பாய்ச்சல் இப்போதைக்கு வேண்டாம். எண்ணிக்கை 16-க்குள் வந்து, இருமலும் நின்ற பிறகு மகள் நடை சவாரியில் தொடங்கட்டும், புழுதி இல்லாத பாதையில். இந்த நோய் அடியோடு போகாது, ஆனால் தூசியிலிருந்து காப்பாற்றினால் பெரும்பாலான குதிரைகள் சவாரிக்குத் திரும்புகின்றன.

ஒன்று மட்டும் நீங்கள் எழுதவில்லை: பக்கத்தில் கழுதை ஏதும் மேய்கிறதா? கழுதையிடமிருந்து வரும் நுரையீரல் புழுவும் இதே மாதிரி இருமச் செய்யும். இருந்தால் சாணப் பரிசோதனையும் குடற்புழு மருந்தும் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். 7 நாள் எண்ணிய கணக்கை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். கூடவே அந்தப் பரண் படத்தையும் காட்டுங்கள்.