பிள்ளையை யார் கையில் கொடுத்துவிட்டு மூச்சு விடுவது?

வாசகர் கேள்வி – பதில்

கேரள எல்லையோர ஊர்களிலிருந்து வந்த ஆறு கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். பெயர் போட வேண்டாம் என்று கேட்டவர்கள் இருப்பதால் எல்லோருக்கும் ஊர் மட்டுமே.

விடியுமுன் ஏலத்தோட்டத்து ஜீப் ஏறினால் வீடு திரும்ப இருட்டிவிடுகிறது. செருப்பைக் கழற்றுவதற்குள் எட்டு வயதும் ஐந்து வயதும் ஆளுக்கொரு பக்கம் தொங்குகின்றன. மாமியார் கூடத்தான் இருக்கிறார். 'உங்களுக்கென்று கொஞ்ச நேரம் ஒதுக்குங்கள்' என்று டிவியில் சொல்கிறார்கள். எங்கிருந்து ஒதுக்க?
– வாசகி, கம்பம்

கம்பம்மெட்டு ஏறி, வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கம் காய் பறித்துவிட்டு இறங்குகிறவருக்கு நாளில் மிச்சம் என்று ஒன்றும் இருக்காது. அதனால் புதிதாக நேரம் தேட வேண்டாம். வீட்டுக்கு வந்த முதல் அரை மணி நேரத்தின் வரிசையை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

பெரும்பாலும் நடப்பது இதுதான்: 'இருடா, வர்றேன்' என்று பிள்ளைகளை விலக்கிவிட்டு நேராக அடுப்படி. பகலெல்லாம் காத்திருந்த பிள்ளை அதை ஒப்புக்கொள்ளாது. தண்ணீர், பென்சில், சண்டை என்று ஏதாவது ஒரு சாக்கில் வந்துகொண்டே இருக்கும். ஆகவே முதல் 10 நிமிடம் பிள்ளைகளுக்கு. கைகால் கழுவிவிட்டு, போனைத் தொடாமல், அடுப்பைப் பற்றவைக்காமல் அவர்களோடு உட்காருங்கள். அடுத்த 15 நிமிடம் உங்களுக்கு. அந்தக் கால்மணி நேரம் யார் கேட்டாலும் பதில் சொல்ல வேண்டியவர் மாமியார். இதை அவரிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். 'கொஞ்சம் பார்த்துக்குங்க அத்தை' என்றால் போதாது. எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை என்று சொன்னால்தான் அது அவர் பொறுப்பாகும்.

ஐந்து வயதுக்குக் கால்மணி என்றால் புரியாது, அலாரம் அடிப்பது புரியும். போனில் அலாரம் வைத்து, 'மணி அடிச்சதும் அம்மாவைக் கூப்பிடறது உன் வேலை' என்று கொடுத்துவிடுங்கள். முதல் வாரம் நடுவில் கட்டாயம் வரும். திட்டவும் வேண்டாம், பேச்சு வளர்க்கவும் வேண்டாம். 'மணி இன்னும் அடிக்கலை' என்ற ஒரே வாக்கியம் போதும். நாலாம் நாள் பாவம் பார்த்து எழுந்துவிடுவதில்தான் பலருக்கும் இது கெட்டுப்போகிறது. அழுதால் அம்மா எழுவாள் என்று ஒருமுறை படிந்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அந்தக் கால்மணியில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஒன்றும் செய்யாமல் உட்காரலாம். சாரல் காலத்தில் நாள் முழுக்க ஈரத்தில் நின்ற கால் என்றால், கணுக்கால் மூழ்கும் அளவு வெதுவெதுப்பான தண்ணீரில் 10 நிமிடம் வையுங்கள். எடுத்ததும் விரலிடுக்கை நன்றாகத் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் சேற்றுப்புண் வரும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் காலை ஊறவைக்கவே வேண்டாம், கழுவித் துடைத்தால் போதும்.

விடிகாலை அவசரத்தைக் குறைக்க இன்னொன்று. புளிக்குழம்பை முந்தின இரவே வைத்துவிடலாம், காலையில் நன்றாகக் கொதிக்கவிட்டுத் தூக்குவாளியில் ஊற்றலாம். தேங்காய் அரைத்துவிட்ட குழம்பை அப்படி வெளியில் வைக்காதீர்கள், விடிவதற்குள் ஊசிப்போகும்.

எழுபது நாள் குழந்தை. கணவருக்குப் புனலூரில் வேலை, சனிக்கிழமை ராத்திரிதான் வருவார். அம்மா நாற்பது நாள் இருந்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். ராத்திரி குழந்தை விடாமல் அழும்போது எனக்கு வருகிற கோபம் எனக்கே பயமாக இருக்கிறது.
– பெயர் வேண்டாம், செங்கோட்டை

இதை எழுதி அனுப்பியதே பெரிய காரியம். கோபம் வருவதால் நீங்கள் கெட்ட தாயாகிவிடவில்லை. தொடர்ந்து தூக்கமில்லாத எந்த உடம்புக்கும் இது வரும்.

முதலில் அந்த நிமிடத்துக்கு. பசியா, துணி நனைந்திருக்கிறதா, உடம்பு சுடுகிறதா என்று பாருங்கள். மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டோ அதற்கு மேலோ காய்ச்சல் இருந்தால் விடியும்வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இவை எதுவும் இல்லாமல் அழுகிறது, உங்களுக்குக் கை நடுங்குகிறது என்றால், தரையில் பாய் விரித்து மல்லாக்கப் படுக்க வையுங்கள். தலையணை வேண்டாம், பக்கத்தில் தளர்வான துணியும் வேண்டாம். கதவைச் சாத்திவிட்டு அடுத்த அறைக்கோ திண்ணைக்கோ போய் 5 முதல் 10 நிமிடம் இருங்கள். முகம் கழுவுங்கள். பிறகு போய்ப் பாருங்கள். பாதுகாப்பான இடத்தில் படுத்து அழுகிற குழந்தைக்கு அந்தப் பத்து நிமிடத்தில் கெடுதல் ஒன்றும் வராது. பிடித்து உலுக்குவதுதான் ஆபத்து. கழுத்து நிற்காத வயதில் கனமான தலை முன்னும் பின்னும் அடித்தால் மூளையில் ரத்தம் கசியும். உயிரே போகலாம்.

இந்த அழுகைக்கு ஒரு கணக்கும் உண்டு. ஆறாவது வாரத்தையொட்டி உச்சத்துக்குப் போகும், மூன்று நான்கு மாதத்துக்குள் தானாகக் குறையும். நீங்கள் உச்சத்தைத் தாண்டிவிட்டீர்கள்.

அடுத்தது தூக்கம். சனி ராத்திரியை இரண்டு ஷிப்டாகப் பிரியுங்கள். 9 மணிக்குப் பால் கொடுத்துவிட்டு நீங்கள் வேறு அறையில் படுங்கள்; 2 மணிவரை குழந்தை கணவர் பொறுப்பு. நடுவில் ஒரு வேளைக்குப் பீய்ச்சி வைத்த பால். மூடிபோட்ட சுத்தமான பாத்திரத்தில் வெளியில் 4 மணி நேரம் தாங்கும், கோடை வெக்கையில் அதுவும் தாங்காது. ஃபிரிட்ஜின் உட்பக்கம் (கதவில் அல்ல) 4 நாள் வைக்கலாம். அடுப்பில் சுடவைக்காமல், வெந்நீர்ப் பாத்திரத்தில் இறக்கி வைத்து வெதுவெதுப்பாக்குங்கள். புட்டியைவிடப் பாலாடை நல்லது, கழுவ எளிது. குழந்தையைச் சாய்வாக உட்காரவைத்து, கீழுதட்டில் பாலாடையை வைத்து, அதுவாக உறிஞ்ச விடவேண்டும். ஊற்றினால் புரையேறும். குடித்து மிஞ்சியதைத் திரும்ப எடுத்து வைக்காதீர்கள். மார்பு கட்டிக்கொண்டு வலித்தால் எழுந்து கொஞ்சம் பீய்ச்சிவிட்டுப் படுங்கள், முழுக்க வடிக்க வேண்டியதில்லை.

உங்கள் பக்கத்திலும் குமரி மாவட்டத்திலும் பேறுகாலத்தில் வேது வைத்துக் குளிப்பாட்டும் வழக்கம் உண்டு. இலைகள் போட்டுக் கொதித்த தண்ணீரின் மகிமையைப் பாட்டிகள் பேசுவார்கள். எங்கள் கண்ணுக்கு முக்கியமாகத் தெரிவது, அந்த அரை மணி நேரமும் குழந்தை வேறொரு கையில் இருந்ததுதான். நாற்பது கழிந்ததும் வேது நிற்கலாம், அந்தக் கை நிற்கக் கூடாது. பக்கத்து வீட்டுச் சித்தியோ நாத்தனாரோ, தினம் அரை மணி நேரம் என்று கேட்டு வையுங்கள். குளிக்கும் நேரமாகவே இருக்கட்டும்.

ஒன்று கவனியுங்கள். இரண்டு வாரத்துக்கு மேலும் அழுகை, வெறுமை இருந்தாலோ, குழந்தை தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வராவிட்டாலோ, அது பேறுகால மனச்சோர்வாக இருக்கலாம். பால் கொடுக்கும்போதே எடுத்துக்கொள்ளக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே. உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்ளும் எண்ணம் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், தனியாக இருக்காதீர்கள்.

வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றுகிறேன். 'உக்காந்த வேலைதானே' என்கிறார்கள். எப்போதும் அசதி, கழுத்து வலி. இரண்டு வயதுப் பையன் தூங்குகிற நேரத்தில்தான் வேலையே ஓடுகிறது.
– வாசகி, தென்காசி

ஆயிரம் பீடி என்பது 40 கட்டு. சுளகை மடியில் வைத்துக் குனிந்த தலை நிமிராமல் அதைச் சுற்றுகிறவரிடம் உட்கார்ந்த வேலை என்று சொல்கிறவர்கள் ஒரு கட்டு சுற்றிப் பார்க்கட்டும்.

பையன் தூங்கியதும் உடனே சுளகை எடுக்காதீர்கள். முதல் 15 நிமிடம் நீங்களும் படுங்கள். கடைசியில் படுத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் அதற்குள் அவன் எழுந்துவிடுவான். அரை மணிக்கு மேல் அசந்துவிட்டால் எழும்போது தலை கனக்கும், அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். நான்கு கட்டு முடிந்ததும் ஒருமுறை எழுந்து, சுவரில் முதுகைச் சாய்த்து, தோளை மெதுவாகப் பின்பக்கம் பத்துத் தடவை சுழற்றுங்கள்.

புகையிலைத் தூள் பையனுக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். வாயில் போட்டால் விஷம். சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே அவனைத் தூக்க வேண்டும். அசதிக்கு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே என்றால் ரத்தசோகை, வெறும் ஓய்வால் சரியாகாது. இரும்புச்சத்து மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு எடுங்கள். டீக்கும் மாத்திரைக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், டீ அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாது.

மனைவி துபாயில் நர்ஸ். பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள் என் பொறுப்பு. அவர்கள் தூங்கிய பிறகுதான் எனக்கு நேரம். போனைப் பார்த்தபடியே ஒரு மணி ஆகிவிடுகிறது. காலையில் எழ முடியவில்லை.
– வாசகர், மார்த்தாண்டம்

அந்த நேரம் உங்களுக்கு வேண்டும், விட்டுவிடச் சொல்ல மாட்டோம். முடிவுள்ள ஒன்றாகப் பாருங்கள். ரீல்ஸுக்கு முடிவு கிடையாது. நான்கு பாட்டு, பாதிப் படம் என்றால் நிறுத்த ஓர் இடம் இருக்கும். படுக்கையில் வேண்டாம், முன்னறை நாற்காலியில் பாருங்கள். போன் சார்ஜும் அங்கேயே இருக்கட்டும், எழுப்ப ஒரு மேசைக் கடிகாரம் போதும். சாயங்காலம் 6 மணிக்குக் குடித்த டீயின் கஃபீன் 11 மணிக்கும் பாதியளவு உடம்பில் இருக்கும். கடைசி டீயை 3 மணிக்கு முடித்துக்கொள்ளுங்கள். இங்கே 9 மணி என்றால் துபாயில் ஏழரை. ஷிப்ட் இல்லாத நாட்களில் அந்த நேரத்தில் அம்மாவே வீடியோ காலில் வீட்டுப்பாடம் கேட்கட்டும். உங்கள் இரவு அரை மணி நேரம் முன்னதாகத் தொடங்கும்.

மூச்சுப் பயிற்சி செய்தால் தலை சுற்றுகிறது. விட்டுவிடவா?
– வாசகி, கோவிந்தாபுரம்

வேகமாகவோ அதிக ஆழமாகவோ இழுக்கிறீர்கள். அப்படிச் செய்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கும். அதுதான் கிறுகிறுப்பும் விரல் மரமரப்பும். சாதாரணமாக விடுகிற அளவு மூச்சையே மூக்கு வழியாக, 4 எண்ணி இழுத்து 6 எண்ணி விடுங்கள். உட்கார்ந்து 3 நிமிடம் போதும். நெஞ்சு வலித்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

எல்லாரும் பெற்றவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். மகள் மூணாறில் வேலை பார்க்கிறாள், ஒன்றரை வயதுப் பேத்தி என்னிடம். எனக்கு 61 வயது. முடியவில்லை என்றால் மகள் வேலையை விட்டுவிடுவாளோ என்று வாய் திறப்பதில்லை.
– வாசகி, போடி

'முடியலை' என்று சொன்னால் மகளுக்கு இரண்டே வழிதான் தெரியும், வேலையை விடுவது அல்லது காதில் போட்டுக்கொள்ளாமல் இருப்பது. 'ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணியிலிருந்து 12 மணிவரை நான் பார்க்க மாட்டேன்' என்று சொல்லுங்கள். அதற்கு அவளால் ஏற்பாடு செய்ய முடியும். அந்த ஆறு மணி நேரத்தில் வீட்டிலேயே இருந்தால் பேத்தி உங்களைத்தான் தேடும். கோவிலோ, தங்கை வீடோ, வெளியே கிளம்பிவிடுங்கள்.

குனிந்து தூக்காதீர்கள். ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, குழந்தையை நெஞ்சோடு அணைத்து, நாற்காலியைப் பிடித்து எழுங்கள். இரண்டு வயது முடிந்ததும் அங்கன்வாடியில் கேளுங்கள், காலை நேரம் கொஞ்சம் கைக்கு ஓய்வு கிடைக்கும். ரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டாம். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து கொடுக்கிறார்கள், சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவிடுங்கள்.