பழைய ஜீப்புக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிரேக் பைப் நாமளே போடலாமா?

போடலாம். ஆனா நீங்க "பைப் எல்லாம் துருப்பிடிச்சு இத்துப்போச்சு, பிளேரிங் டூல் கையில இருக்கு, ஸ்டெயின்லெஸ் போட்டா போதும்ல"ன்னு கேட்டிருக்கீங்க பாருங்க, எனக்கு பயமே பைப் முனையை விரிக்குற அந்த டூல் மேலதான். அநேகமா ஏசி மெக்கானிக் வச்சிருக்குற செட்டாத்தான் இருக்கும். அது செம்புக்கு. ஸ்டெயின்லெஸ் பைப்பை அதுல கடிச்சா வழுக்கிட்டு வரும், இல்ல பிளேர், அதான் விரிச்ச முனை, ஓரத்துல வெடிச்சிரும்.

எங்க சித்தப்பா தூத்துக்குடி பக்கம் உப்பளத்துக்கு ஒரு பழைய மஹிந்திரா ஜீப் ஓட்டுறாரு. அந்த உப்புக்காத்துல சாதா இரும்பு பைப் நிக்காது. பின் ஆக்ஸில் மேல போற பைப் ஓட்டை விழுந்ததும் ஒரு ஒர்க்‌ஷாப்ல விட்டாரு, அவங்க அந்த இடத்தை மட்டும் வெட்டிட்டு பிரிட்ஜுக்கு போடுற செம்புக் குழாயை ஒட்டுப் போட்டுக் குடுத்துட்டாங்க. செம்பு அதிர்வுல இறுகி இறுகி ஒருநாள் விரிசல் விட்டுரும், அது தெரியாம யாரும் பட்டறை வைக்க முடியாது. பாத்தி வரப்புல லோடோட இறங்குறப்ப பெடல் அப்படியே தரைக்குப் போயிருச்சு. பழைய சிங்கிள் சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டர், ஒரு இடத்துல ஆயில் போனா நாலு சக்கரத்துக்கும் பிரேக் கிடையாது. கியரைக் குறைச்சு, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, எப்படியோ நிறுத்தினாரு. இப்ப நினைச்சாலும் எனக்கு வயித்தைக் கலக்குது.

அதுக்கப்புறம் "இனிமே எவன் கையிலயும் குடுக்க வேணாம் சித்தப்பா, நானே பண்றேன்"னு உட்கார்ந்தேன். 4.75 மில்லிமீட்டர் சீம்லெஸ் (ஒட்டு இல்லாத) பைப், 316 கிரேடு ஸ்டெயின்லெஸ், அனீல் பண்ணதா, அதாவது சூடாக்கி மென்மையாக்கினதா, கேட்டு வாங்கினேன், 304 கிரேடுல உப்பு பட்டா சீக்கிரம் புள்ளி புள்ளியா அரிக்கும். வெட்டுறதுக்கு டியூப் கட்டர் வேணாம், அந்த சக்கரம் தேய்ச்சுத் தேய்ச்சு ஓரத்தைக் கெட்டியாக்கிரும், பிளேர் பண்றப்ப அங்கதான் வெடிக்கும். இன்ச்சுக்கு 32 பல் இருக்குற ஆக்சா பிளேடு, அப்புறம் அரம், உள்ள வெளிய பிசிறு சுத்தமா எடுத்து, காத்தடிச்சு ஊதணும். ஜீப்ல வர்றது 45 டிகிரி இரட்டை பிளேர், அதாவது ஓரத்தை உள்ள மடிச்சு ரெண்டு அடுக்கா விரிக்குறது, ஸ்டெயின்லெஸ்ல அதை மடிக்க ஹைட்ராலிக் டூல் இல்லாம கஷ்டம். அதனால நான் 37 டிகிரி சிங்கிள் பிளேர் போட்டு அதுக்கு ஸ்லீவ், நட்டு, அடாப்டர் எல்லாம் வாங்கினேன். 37ஐ கொண்டுபோய் 45ல நேரா முடுக்கிடாதீங்க, உட்காரவே உட்காராது. முடுக்கி, தளர்த்தி, மறுபடி முடுக்கி, இப்படி சில தடவை பண்ணாத்தான் பிளேர் சீட்ல படியும், ஏன்னா இது இரும்பு மாதிரி நசுங்கிக் குடுக்காது.

"குனிஃபர் போட்டா ஈஸியாச்சே"ன்னு கமென்ட்ல வருவீங்க, தெரியும். செம்புல 10 சதவீதம் நிக்கல் கலந்தது, கையாலயே வளையும், துருப்பிடிக்காது, வால்வோ 1970கள்லயே போட்டாச்சு. நான் அதைக் குறை சொல்லல. எங்க ஊர்ல எனக்குக் கிடைக்கல, அவ்வளவுதான். உங்களுக்குக் கிடைச்சா தாராளமா அதையே போடுங்க. ஆனா அதையும் வெறும் செம்பையும் ஒண்ணுன்னு நினைச்சுராதீங்க.

இன்னொண்ணு சொல்லாம விட மனசு வரல. எஃப்சிக்குப் போறப்ப வண்டிக்கு அடியில மொத்தமா கறுப்பு பெயின்ட் அடிச்சு விடுறாங்களே, பைப், ஓஸ், நட்டு எதையும் விடாம, அதுக்கு ஓனருங்களே காசும் குடுக்குறாங்க. துரு மூடிரும், லீக் மூடிரும், பாக்குறவருக்கு எல்லாம் புதுசு மாதிரி பளபளன்னு தெரியும். சித்தப்பா ஜீப்ல அந்த செம்பு ஒட்டு கண்ணுல படாமப் போனதுக்கும் அந்த பெயின்ட்தான் காரணம். இதை யாராவது நிறுத்தணும்.

பைப் போட்டு பிரேக் ஆயில்ல இருக்குற ஏர் எடுத்ததும் உடனே ரோட்டுக்குப் போயிராதீங்க. ஒருத்தரை பெடலை அழுத்திப் பிடிச்சிருக்கச் சொல்லிட்டு, ஒவ்வொரு நட்டையும் காய்ஞ்ச பேப்பரால தொட்டுப் பாருங்க. பாடிக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவுல ரப்பர் ஓஸ்தான் இருக்கணும், அங்கயும் விறைச்ச பைப்பை இழுத்துட்டீங்கன்னா ஸ்பிரிங் ஆடுற ஆட்டத்துல அது முறிஞ்சிரும்.