கண்ணாடிக் கம்பளி வேண்டாம்: ராஜாஜி நகர் நண்பரின் கேஸ் உலைக்குப் பதில்

வணக்கம் நண்பரே. மொட்டை மாடியில் கத்தி அடிக்க கேஸ் உலை செய்கிறேன், சூடு வெளியேறாமலிருக்க பழைய இரும்பு டப்பாவுக்குள் கண்ணாடிக் கம்பளியை வைத்து, மேலே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் மணலும் பூசலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். இரும்பு அடிக்க உலை 1,100 டிகிரியைத் தாண்ட வேண்டும். கண்ணாடிக் கம்பளி 700 டிகிரியை ஒட்டியே இளகிவிடும். பிளாஸ்டரோ நீரை இழந்து வெடித்து உதிரும்.

1,260 டிகிரி தரச் செராமிக் கம்பளி, 25 மி.மீ. தடிமன், கன மீட்டருக்கு 128 கிலோ அடர்த்தி என்று கேட்டு வாங்குங்கள். இரண்டு அடுக்கு போதும். பெங்களூரின் தொழிற்பேட்டையான பீன்யாவில் தொழிற்சாலை உலைகளைப் பழுதுபார்ப்பவர்களிடம் விசாரியுங்கள். மீந்த துண்டே உங்கள் டப்பாவுக்குக் காணும்.

கம்பளியை ஒருபோதும் மேற்பூச்சு இல்லாமல் விடாதீர்கள். அதன் நுண்ணிழைகள் நுரையீரலில் தங்கிவிடும். பல நாள் சூட்டில் அதில் உருவாகும் கிரிஸ்டபலைட் என்ற சிலிக்காப் படிகம் இன்னும் கொடியது. வெட்டும்போது என்95 முகக்கவசம் கட்டாயம். முதலில் கூழ்ம சிலிக்காவை (நீரில் கலந்த மிக நுண்ணிய சிலிக்கா) தெளித்துக் கம்பளியை விறைப்பாக்குங்கள். காய்ந்தபின் உயர் அலுமினா காஸ்டபிளை (நீரில் குழைத்துப் பூசும், தீயைத் தாங்கும் காரை) ஒரு சென்டிமீட்டர் பூசி, இரண்டு நாள் உலரவிட்டு, சிறு தீயில் மெல்லச் சூடேற்றுங்கள். அவசரப்பட்டால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிப் பூச்சைப் பிளக்கும்.

என் முதல் உலையில், இரும்புத் துண்டுகளை ஒட்டவைக்கத் தூவும் வெண்காரம் (போராக்ஸ்) உருகிச் சொட்டிய இடம், தண்ணீர் பட்ட பஞ்சுமிட்டாய்போல் குழிந்துபோனது. எனவே அடித்தளத்தில் மட்டும் கெட்டியான தீச்செங்கல் பதியுங்கள். அது சூட்டைக் காக்காது, ஆனால் வெண்காரத்தை அதிக நாள் தாங்கும்.

மாடியில் கூரைக்கு அடியில் எரிக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.