தெருவைத் தாண்டாத துப்பாக்கி

அன்புள்ள ஐயா,

பப்ஜி விளையாட்டில் எனக்குப் பிடித்தது எஸ்1897 ஷாட்கன். வீட்டுக்குள் ஒரே அடியில் ஆளைச் சாய்க்கிறது. தெருவுக்கு அந்தப் பக்கம் நிற்பவனைச் சுட்டால் ஒன்றும் ஆவதில்லை. நிஜத்திலும் இப்படித்தானா? ஒவ்வொரு முறையும் இழுத்து இழுத்துச் சுடவேண்டிய இதை நண்பர்கள் கேலி செய்கிறார்கள்.

க., திருச்சி

அன்புள்ள க.,

நிஜத்தில் இப்படி இல்லை. இதன் அசல், ஜான் பிரௌனிங் வடிவமைத்த வின்செஸ்டர் மாடல் 1897. 1957 வரை பத்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். இதில் போடும் 12 கேஜ் (கேஜ் என்பது குழல் துளையின் அளவு) தோட்டாவில், மனிதரைச் சுடும் வகை என்றால், பெரிய ஈயக் குண்டுகள் 9 இருக்கும். குழலை விட்டதும் அவை குடை மாதிரி விரிந்துவிடும் என்று விளையாட்டுகள் நம்மைப் பழக்கிவிட்டன. கஜத்துக்கு ஓர் அங்குலம் விரியும் என்பதுதான் பழைய தோராயக் கணக்கு. 20 கஜத்தில் 20 அங்குல வட்டம், கிட்டத்தட்ட ஓர் ஆளின் நெஞ்சகலம். தெருவுக்கு அந்தப் பக்கம் நிற்பவன் தப்பமாட்டான்.

முதல் உலகப் போரில் அமெரிக்கப் படை இதன் குழலை 20 அங்குலமாகக் குறைத்து, கை சுடாமலிருக்கத் துளையிட்ட உறை போட்டு, முனையில் பயனெட் கத்தி மாட்டிப் பதுங்குகுழிகளுக்கு அனுப்பியது. விசையை விடாமல் அழுத்திக்கொண்டு முன்பிடியை இழுத்துத் தள்ளினால் போதும். தள்ளும் ஒவ்வொரு முறையும் வெடிக்கும். 1918 செப்டம்பரில் ஜெர்மனி முறைப்படி எதிர்ப்புத் தெரிவித்தது: இது தேவையற்ற வேதனை தரும் ஆயுதம், போர் விதிகளை வகுத்த ஹேக் உடன்படிக்கைக்கு விரோதம், இதோடு பிடிபடுபவன் உயிரோடு திரும்பமாட்டான். அமெரிக்க வெளியுறவுச் செயலர் ராபர்ட் லான்சிங் அதை ஏற்கவில்லை. 1915-ல் பெல்ஜியத்தின் ஈப்ரில் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டவர்கள் இப்படிப் பேசியதை என்னாலும் ஏற்க முடியவில்லை. ஆனால் அந்தப் பயம் உண்மையானது.

விளையாட்டு செய்பவர்கள் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு தூரத்தைப் பங்கு பிரித்துக் கொடுக்கிறார்கள். ஷாட்கன்னுக்கு விழுந்த பங்கு ஓர் அறை. ஆட்டம் ஆட்டமாக இருக்க அது தேவைதான், எனக்கு அதில் சண்டை இல்லை.

சரி, கேலிக்கு வருவோம். உங்கள் நண்பர்கள் குறை சொல்வதுதான் விளையாட்டுகள் மிக நேர்மையாகக் காட்டும் பகுதி. சுட்டு, இழுத்து, தள்ளி, மறுபடி சுடுவதற்குள் ஒரு மூச்சு போய்விடும். குறி தப்பினால் அந்த மூச்சு முழுக்க எதிராளியுடையது. 1993-ல் வந்த டூம் என்ற கணினி விளையாட்டில் ஷாட்கன் படத்துக்கு மாதிரியாக வைத்தது ஒரு பொம்மைத் துப்பாக்கி. அதிலும் அந்த இடைவெளியை விடவில்லை.

அப்புறம், குண்டு நிரப்புவது. ஐந்தையும் போட்டு முடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். இரண்டு போட்டதுமே வாசலில் காலடி கேட்டால் அப்படியே திரும்பிச் சுடலாம், அசலிலும் அப்படித்தான். காலியான மேகசினை (குண்டுப் பெட்டியை) கழற்றி மாட்டிக்கொண்டிருக்கும் நண்பருக்கு ஒருமுறை அதைச் செய்து காட்டுங்கள்.