25 என்று கொடுத்தும் ‘நன்’ (None) வருவது ஏன்?

பைத்தானில் வயதைக் கேட்கிறீர்கள். எழுத்து வந்தால் அதே ஃபங்ஷனைத் திரும்ப அழைக்கிறீர்கள். அப்புறம் 25 கொடுத்தாலும் ‘நன்’, அதாவது ‘மதிப்பு எதுவும் இல்லை’ என்பது, வருகிறது. காரணம், உள்ளே நடந்த அழைப்பு தந்த 25-ஐ வெளியே ரிட்டர்ன் செய்யவில்லை.

ரிட்டர்ன் சேர்த்தால் ஓடும்தான். ஆனாலும் இங்கே சரியான எண் வரும்வரை திரும்பத் திரும்பக் கேட்கும் வொய்ல் (while) லூப்தான் பொருத்தம். ஒவ்வொரு தவறுக்கும் ஓர் அழைப்பு அடுக்காக ஏறாது. லூப்புக்குள், பிழை வரக்கூடிய வரியை வைக்கும் ட்ரை (try) போடுங்கள். அதில் உள்ளீட்டை இன்ட்டாக (int, முழு எண்) மாற்றும் வரி மட்டும் இருக்கட்டும். பிழையைப் பிடிக்கும் எக்செப்ட்டில் (except), எண்ணாக மாற்ற முடியாதபோது வரும் வேல்யூஎரரை (ValueError) மட்டும் பிடியுங்கள். வெறும் எக்செப்ட் போட்டால் மாறியின் பெயரில் நீங்கள் செய்த எழுத்துப்பிழையையும் அது மறைத்துவிடும், தேடித் தேடி அலுத்துப்போவீர்கள்.

வயது 0 முதல் 120 வரை இருக்கிறதா என்பதைத் தனி ஃபங்ஷனாக்குங்கள். அது எண்ணை வாங்கி ட்ரூ அல்லது ஃபால்ஸ் தரட்டும், பிரின்ட் வேண்டாம். அப்போது எதையும் தட்டச்சு செய்யாமலே -1, 0, 120, 121 கொடுத்துச் சோதிக்கலாம்.