புகை பார்த்து கார் வாங்குவது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அலுவலகம் 6 கி.மீ. தூரம்தான். மைலேஜுக்காக டீசல் எஸ்யுவி எடுக்கச் சொல்கிறார்கள். புகை விஷயத்தில் சரிவருமா?

சரிவராது. பிஎஸ்-6 (இப்போதைய அரசுப் புகை விதி) டீசல் காரின் புகைப்பாதையில் கரித்துகளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி இருக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் டிபிஎஃப் என்பார்கள். சேர்ந்த கரி எரிந்து போக வடிகட்டி ஏறக்குறைய 600 டிகிரி சூடாக வேண்டும். ஆறு கிலோமீட்டர் சிக்னல் ஓட்டத்தில் அந்தச் சூடு வராது. அதனால் இன்ஜின் கூடுதலாக டீசலைப் பீய்ச்சித் தானே எரிக்கப் பார்க்கும். அதற்குப் பத்து இருபது நிமிடம் பிடிக்கும். பாதியில் நீங்கள் வண்டியை நிறுத்தினால் கரி அப்படியே தங்கிவிடும், எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி இன்ஜின் ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) ஆயில் அளவு குறைவதற்குப் பதிலாக மேல்கோட்டைத் தாண்டி ஏறியிருந்தால் நடந்திருப்பது இதுதான். உடனே ஆயில் மாற்றுங்கள்.

டிபிஎஃப் விளக்கு எரிந்தால் ஜிஎஸ்டி சாலைக்கோ பைபாஸுக்கோ போய், 60 கி.மீ. வேகத்துக்கு மேல், ஒரு கியர் குறைத்து, இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்குக் குறையாமல் இருபது நிமிடம் ஓட்டுங்கள். பெரும்பாலும் விளக்கு அணைந்துவிடும். அலட்சியம் செய்தால் வண்டி வேகமெடுக்க மறுக்கும். பிறகு சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் போட்டு எரிக்க வேண்டும், அதுவும் பலிக்காவிட்டால் வடிகட்டியையே மாற்ற வேண்டும். அந்தச் செலவில் பல வருட மைலேஜ் லாபம் போய்விடும். ஆயில் ஊற்றும்போதும் கையேட்டில் சொன்ன குறைந்த சாம்பல் ரகத்தையே ஊற்ற வேண்டும். கரி எரியும், ஆயில் சாம்பல் எரியாது.

வாரம் இரண்டு முறையாவது நெடுஞ்சாலையில் ஓட்டுபவருக்குத்தான் டீசல். உங்களுக்குச் சாதாரண பெட்ரோல் போதும். பணம் இருந்தால் ஸ்ட்ராங் ஹைபிரிட், அதாவது பெட்ரோல் இன்ஜினோடு மோட்டாரிலும் ஓடும் கார்: நெரிசலில் பெரும்பாலும் இன்ஜினே அணைந்திருக்கும்.

2021 மாடலும் 2024 மாடலும் பிஎஸ்-6 தானே? வித்தியாசம் உண்டா?

உண்டு, டீசலில் கணிசமாக. 2020 ஏப்ரல் 1 முதல் வந்த முதல் கட்டத்தில் நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு கி.மீ.க்கு 250 மி.கி.யிலிருந்து 80 மி.கி.க்கு இறங்கியது. துகள் வரம்பு 25 மி.கி.யிலிருந்து 4.5 மி.கி. ஆனது. ஆனால் இவை ஆய்வகத்தில் உருளை மேல் ஓட்டி அளந்தவை. ஆய்வகத்தில் நல்ல பிள்ளையாகவும் ரோட்டில் வேறாகவும் வண்டி நடந்துகொள்ளலாம் என்பதை 2015இல் அம்பலமான ஃபோக்ஸ்வாகன் டீசல் மோசடி உலகத்துக்கே காட்டியது.

2023 ஏப்ரல் முதல் வந்த இரண்டாம் கட்டத்தில், காரின் பின்னால் அளவுக் கருவியைக் கட்டி நிஜச் சாலையில் ஓட்டிப் பார்க்கிறார்கள். அங்கே நைட்ரஜன் ஆக்சைடு, ஆய்வக வரம்பைப் போல 1.43 மடங்குக்குள், அதாவது சுமார் 114 மி.கி.க்குள் இருக்க வேண்டும். இதனால் பல டீசல்களில், புகையில் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் யூரியா கரைசலுக்கு ஒரு தொட்டி வந்தது. அந்தக் கரைசலில் யூரியா 32.5 சதவீதம், மீதி சுத்த நீர். தொட்டி காலியானால் அணைத்த வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகாது. காசு மிச்சம் என்று உர யூரியாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றிவிடாதீர்கள், இன்ஜெக்டர் அடைத்துக்கொள்ளும்.

செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கிறேன். புகைக் கருவிகள் நல்ல நிலையில் இருக்கின்றனவா என்று நானே எப்படித் தெரிந்துகொள்வது?

இன்ஜின் ஆறிய நிலையில் போய்ப் பாருங்கள். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள்.

சாவியை ஆன் செய்து, ஸ்டார்ட் பண்ணாமல் பாருங்கள். செக் இன்ஜின் விளக்கு எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் யாரோ அதை அடக்கி வைத்திருக்கலாம். பிறகு ஸ்டார்ட் செய்து புகையின் நிறத்தைக் கவனியுங்கள். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. அது கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் (புகையின் நச்சு வாயுக்களைக் குறைக்கும், புகைக்குழாயில் உள்ள கருவி) கெடுக்கும். கறுப்பு என்றால் எரிபொருள் அதிகம். வெள்ளைப் புகை சூடான பின்னும் நிற்காமல் இனிப்பு வாடையோடு வந்தால் கூலன்ட் கசிகிறது.

டிபிஎஃப் உள்ள டீசல் என்றால் சைலன்சர் குழாயின் உள்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். வடிகட்டி சரியாக இருந்தால் துணி ஏறக்குறைய வெள்ளையாகவே இருக்கும். கரி அப்பினால் வடிகட்டி உடைந்திருக்கிறது, இல்லை கழற்றி எறியப்பட்டிருக்கிறது. 2020க்கு முந்தைய பெரும்பாலான டீசல்களில் டிபிஎஃப் கிடையாது, அங்கே இந்தச் சோதனை செல்லாது.

பெட்ரோல் காருக்கு ஒரு புளூடூத் ஓபிடி ஸ்கேனர் (கார் கணினியில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் சிறு கருவி) போதும். பி0420 (P0420) என்ற கோளாறுக் குறியீடு வந்தால் கன்வெர்ட்டர் தளர்ந்திருக்கலாம். குறியீடே இல்லாமல், காரின் சுயசோதனைகள் ‘இன்னும் முடியவில்லை’ என்று காட்டினால் அண்மையில்தான் குறியீட்டை அழித்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள ஆக்சிஜன் சென்சாரின் வோல்டேஜ் சூடான பிறகு அசையாமல் நிற்க வேண்டும், முன் சென்சார் போலக் குதித்தால் கன்வெர்ட்டர் வேலை செய்யவில்லை. கடைசியாக லிஃப்டில் ஏற்றி, புகைக்குழாயில் புது வெல்டிங் தடம் இருக்கிறதா பாருங்கள். எந்த பிஎஸ் ரகம் என்பது ஆர்.சி.யில் இருக்கும்.

புகைச் சான்றிதழ் இருக்கிறது. சுத்தமான வண்டி என்று நம்பலாமா?

சட்டத்துக்குப் போதும், காற்றுக்குப் போதாது. பெட்ரோல் வண்டியில் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் (பிஎஸ்-4, பிஎஸ்-6க்கு முறையே 0.3 சதவீதம், 200 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 200 பங்கு) பார்க்கிறார்கள். டீசலில் புகையின் அடர்த்தி மட்டும். நைட்ரஜன் ஆக்சைடை யாரும் அளப்பதில்லை. ஆனாலும் சான்றிதழில் அச்சாகும் எண்களைப் பத்திரப்படுத்துங்கள். கார்பன் மோனாக்சைடு 0.02 ஆக இருந்தது மறுமுறை 0.25 ஆனால் தேர்ச்சிதான், ஆனால் ஏதோ கெடத் தொடங்கியிருக்கிறது.

மின்சாரக் காருக்கும் நிலக்கரிதானே எரிகிறது?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நம் மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ கரியமில வாயு. ஒரு யூனிட்டில் 7 கி.மீ. ஓடினால் கி.மீ.க்கு 100 கிராம். பெட்ரோல் ஒரு லிட்டருக்கு 2.3 கிலோ, நகரத்தில் 15 கி.மீ. மைலேஜ் என்றால் 153 கிராம். பேட்டரி தயாரிப்பின் சுமை தனி. ஆகவே குறைவாக ஓட்டுபவருக்கு லாபம் மெதுவாகவே வரும், நிறைய ஓட்டுபவருக்குச் சீக்கிரம். தெருவில் விடும் புகையோ பூஜ்யம். ஆனால் அனல் மின்நிலையப் புகை எண்ணூர், அத்திப்பட்டு போன்ற ஊர்களின் மேல் இறங்குகிறது என்பதையும் மறக்க வேண்டாம். மாடியில் சோலார் இருந்தால் பகலில் சார்ஜ் போடுங்கள்.

சிஎன்ஜி?

கரித்துகள் மிகக் குறைவு. கம்பெனியில் பொருத்திய கிட்டையே வாங்குங்கள். வெளியில் பொருத்தினால் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும், டியூனிங் சரியில்லாவிட்டால் வால்வு இருக்கைகள் தேயும். சிலிண்டரை 3 ஆண்டுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். டிக்கி இடம் போகும்.

நெரிசலில் காருக்குள்ளேயே புகை வாடை வருகிறதே?

முன்னால் லாரியோ பஸ்ஸோ நின்றால் ஏசியை உள்சுழற்சிக்கு மாற்றுங்கள். பாதை தெளிந்ததும் சில நிமிடம் வெளிக்காற்றை விடுங்கள், இல்லையென்றால் மூச்சுக்காற்றே தேங்கித் தூக்கம் வரும். கேபின் ஃபில்டரை ஆண்டுக்கொரு முறை மாற்றுங்கள். வாடைக்கு ஆக்டிவேட்டட் கார்பன் ரகம் கேளுங்கள். நெரிசலே இல்லாத இடத்திலும் வாடை அடித்தால் உங்கள் வண்டியின் புகைக்குழாயிலேயே ஓட்டை இருக்கலாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது. அன்றைக்கே கண்ணாடியை இறக்கிவிட்டு ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டுங்கள்.